வெனிஸில் தனியாக ஒரு நாள்: கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தேன்

#1 · பொடிநடை

போன நவம்பரில் அலுவலக வேலையாக, இத்தாலியில் வெனிஸுக்குப் பக்கத்து ஊரான பாதுவாவில் ஒரு வாரம் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஓய்வு. கூட வந்தவர்கள் மிலானுக்குக் கடை பார்க்கப் போனார்கள். நான் விடியற்காலை ரயிலில் வெனிஸுக்கு ஏறிவிட்டேன். பயணக் கட்டுரையெல்லாம் எழுத வராது, நடந்த வரிசையில் சொல்கிறேன். கடைசியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெனிஸின் நிலப்பகுதியான மெஸ்த்ரே தாண்டியதும் ரயில் கடல்கழிக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தாழ்வான பாலம். பாம்பன் ஞாபகம் வரும், ஆனால் இங்கே அலை இல்லை. பால் போன்ற மூடுபனி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் கிராண்ட் கால்வாய். படிக்கட்டு இறங்கினால் நேராகப் படகுத் துறைதான். எதிர்க்கரையில் பச்சைக் குவிமாடத்தோடு ஒரு தேவாலயம். அங்கேயே பத்து நிமிஷம் நின்றேன்.

எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: வரைபடம் பார்க்கக் கூடாது.

கூட்டத்தோடு இடப்பக்கம் நடந்து, குக்லியே பாலம் இறங்கியதும், குனிந்து போக வேண்டிய ஒரு வாசலுக்குள் சும்மா நுழைந்தேன். உள்ளே கெத்தோ. 1516இல் வெனிஸ் குடியரசு யூதர்களை ஒதுக்கி வைத்த இடம். இரவில் வாசலைப் பூட்டிக் காவல் போடுவார்களாம். நெப்போலியன் படை வந்து 1797இல் கதவுகளைப் பிடுங்கிப் போடும் வரை இதுதான் நிலைமை. இன்று உலகம் முழுக்க ‘கெட்டோ’ என்கிறார்களே, அந்தச் சொல் இங்கிருந்து போனது. அகலத்தில் வளர இடமில்லாததால் வீடுகள் உயரத்தில் வளர்ந்திருக்கின்றன. ஒரு வீட்டின் ஜன்னல் வரிசையை எண்ணினேன், ஏழு. தளத்துக்குத் தளம் உயரம் அவ்வளவு குறைவு. நடுவில் இருந்த திறந்த வெளியில் இரண்டு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு அப்புறம் எங்கே போனேன் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. ஒரு சந்து முடிந்த இடத்தில் தலைப்பாகை கட்டிய கல் மனிதர்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். அதில் ஒருவருக்கு மூக்கு மட்டும் இரும்பு, தொட்டுத் தொட்டு மினுமினுவென்று இருந்தது. நானும் தொட்டேன். பக்கத்துக் கால்வாயை ஒட்டிய ஒரு மாளிகைச் சுவரில், மூட்டை ஏற்றிய ஒட்டகமும் அதை ஓட்டிப் போகும் ஆளும் செதுக்கியிருந்தது. ஒட்டகம் கால் வைக்க இடமில்லாத ஊரில் ஒட்டகம்!

சாந்தா சோஃபியா துறையில் கிராண்ட் கால்வாயைக் கடக்க ‘திரகெத்தோ’ என்று ஒரு படகு. பார்க்க, சுற்றுலாக்காரர்கள் ஏறும் கோந்தோலாப் படகு மாதிரிதான், மெத்தையும் பூவேலையும் மட்டும் இல்லை. இரண்டு யூரோ, இரண்டு நிமிஷம். உள்ளூர்க்காரர்கள் காய்கறிப் பையோடு நின்றுகொண்டே போகிறார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன், ரோஷம் பார்க்கவில்லை. அக்கரையில் ரியால்தோ மீன் சந்தை. அங்கே சுவரில் ஒரு பழைய சலவைக்கல் பலகை: எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்ற பட்டியல். மத்தி 7, விலாங்கு 25, மட்டி மாதிரி ஒன்றுக்கு 3. குஞ்சு மீனைப் பிடித்து விற்காதே என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சந்தையிலிருந்து மஞ்சள் பலகை பார்த்துப் பார்த்து சான் மார்கோ போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். சதுக்கத்தின் கல் தரையில் அங்கங்கே சின்ன ஓட்டைகள். ஒன்றின் பக்கத்தில் குந்தினேன். முதலில் ஓட்டையைச் சுற்றிக் கல் கறுத்தது. ஒரு குமிழ் வந்து உடைந்தது. பிறகு சத்தமே இல்லாமல் தண்ணீர் மேலே வந்து, தட்டில் ரசம் பரவுவது போல நாலு பக்கமும் பரவியது. கடல் கரை தாண்டி வரவில்லை, தரைக்குக் கீழிருந்து வருகிறது! நான் வேளச்சேரிக்காரி. மேன்ஹோல் வழியாகத் தண்ணீர் ஏறுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் இவ்வளவு சுத்தமாக ஏறிப் பார்த்ததில்லை.

அரை மணியில் கணுக்கால் வரை வந்துவிட்டது. இரும்புக் கால் வைத்த பலகைகளைக் கோத்து நடைபாதை போட்டிருந்தார்கள், அதில் இரண்டு வரிசையாக ஜனம் ஊர்ந்தது. தெருவில் ஒருவர் முழங்கால் வரை வரும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் உறை விற்றார், செருப்போடு மாட்டிக்கொள்ளலாம். பத்து யூரோ. பேரம் பேசினேன், எட்டுக்குக் கொடுத்தார். சதுக்கத்தில் இருக்கும் பெரிய தேவாலயமான பசிலிக்காவைச் சுற்றி மட்டும் கண்ணாடித் தடுப்பு. வெளியே தண்ணீர், உள்ளே காய்ந்த தரை.

மதியம் வடக்கே நடந்ததில் ஒரு பெரிய மைதானத்துக்கு வந்தேன். அரண்மனை போல ஒரு பளிங்கு முகப்பு, சுவரில் சிங்கங்கள். பார்த்தால் அதுதான் அரசு மருத்துவமனை! பக்கவாட்டுக் கால்வாயில் மஞ்சள் ஆம்புலன்ஸ் படகு நின்றது. கட்டிலோடு ஒரு பாட்டியை இறக்கினார்கள். படகு கொஞ்சம் ஆட, நாலு பேரும் அந்த ஆட்டத்துக்கு ஏற்ப முழங்காலை மடக்கி நிமிர்ந்து, ஒரு சொட்டு அதிராமல் கரையில் வைத்தார்கள். அந்த நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த காட்சி அதுதான். பார்சல் வண்டிக்காரர்களும் அப்படித்தான். அவர்களுடைய தள்ளுவண்டிக்கு முன்னால் கூடுதலாக இரண்டு சின்னச் சக்கரங்கள், பாலத்துப் படியில் அதை முதலில் ஊன்றி ஏற்றிவிடுகிறார்கள். நானூறு பாலத்துக்கு மேல் இருக்கிற ஊரில் தினம் இதுதான் பிழைப்பு.

தெருக்குழாயில் பாட்டில் நிரப்பி அண்ணாந்து குடித்தேன். ஒரு தாத்தா நின்று வேடிக்கை பார்த்தார்.

அருங்காட்சியகம் எதற்குள்ளும் போகவில்லை, கோந்தோலா ஏறவில்லை.

கேள்விகள்: 1. பல வீட்டு வாசல்களில் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு உலோகக் காடி பதித்திருந்தது. எதற்கு? 2. ஒவ்வொரு திறந்த வெளியிலும் நடுவில் மூடி போட்ட ஒரு கல் கிணறு. சுற்றிலும் கடல்நீர், கிணற்றில் எப்படி நல்ல தண்ணீர்?

#2 · மேற்குமாம்பலம்_மணி

நல்ல எழுத்து. ஆனால் வருத்தத்தோடு ஒன்று. பழைய ஆட்சித் தலைவரின் தோஜே அரண்மனைக்குள் போகவில்லை, அக்காதெமியா ஓவியக்கூடத்துக்குள் போகவில்லை. மதுரைக்குப் போய் ஆவணி மூல வீதியில் ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் திரும்பிய கதையாக இருக்கிறது. வெனிஸுக்குக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். காலையில் வந்து மாலையில் ஓடுகிறவர்களால்தான் அந்த ஊருக்கே இந்தக் கதி. 2024 ஏப்ரலில் இருந்து பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் போட்டார்களே, உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான். (கோபம் இல்லை, சும்மா சொல்கிறேன்.)

#3 · நீர்வழி

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் தண்ணீரோடு கிடந்தவன்.

அது ஊற்றுக் கிணறு இல்லை, மழைநீர்த் தொட்டி. திறந்த வெளி முழுவதையும் சில மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, அடியிலும் பக்கத்திலும் களிமண்ணை அறைந்து பூசுவார்கள். கடல்நீர் கசிந்து வராமல் இருக்க அது. உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்குவார்கள். மேலே கல் பாவும்போது கிணற்றைச் சுற்றி நான்கு துளைக் கற்கள் வைத்து, அவற்றை நோக்கி வாட்டம் கொடுப்பார்கள். மழை அதில் இறங்கி, மணலில் வடிந்து, அடியில் உறைக்குள் சேரும். நீங்கள் பார்த்த கல் வட்டம் மேலே தெரியும் வாய் மட்டும்தான். காலில் மிதித்த மைதானம் முழுக்க வடிகட்டி!

வேளைக்கு வேளை மணி அடித்துத் திறந்துவிட்டுப் பூட்டுவார்கள். கோடையில் போதாமல் ப்ரெந்தா ஆற்றிலிருந்து படகில் நன்னீர் கொண்டுவந்து ஊற்றியதும் உண்டு. 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வந்த பிறகுதான் மூடி போட்டார்கள். 2003இல் நம் ஊரில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, பயிற்சி வகுப்பில் நான் காட்டிய முதல் படம் வெனிஸ் கிணறுதான். எத்தனை பேர் கவனித்தார்கள் என்பது வேறு கதை.

#4 · மெஸ்த்ரேக்காரன்

ஒன்பது வருஷமாக மெஸ்த்ரேயில் இருக்கிறேன், வேலை தீவுக்குள், ஒரு ஹோட்டலில்.

அந்தக் காடி வெள்ளப் பலகைக்கு. சைரன் அடித்தால் கடைக்காரர் அலுமினியப் பலகையை அந்தக் காடியில் மேலிருந்து இறக்கித் திருகிவிடுவார். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தினம் ஒருவர் தடுக்கி விழுவார்.

அன்றைக்குத் தண்ணீர் மட்டம் நூறு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். (தெருவில் நிற்கும் ஆழம் இல்லை, பழைய கடல் மட்டத்திலிருந்து அளக்கும் உயரம்.) 110 வரும் என்று கணித்தால்தான் பொதுவாக ‘மோசே’ தடுப்பை எழுப்புவார்கள். கடல்கழியின் மூன்று வாய்களிலும் சேர்த்துக் கடலடியில் படுத்திருக்கும் 78 மஞ்சள் கதவுகள். காற்றை அடைத்தால் எழுந்து நிற்கும். 2020 அக்டோபர் 3இல் முதன்முதலாக நிஜ வெள்ளத்துக்கு எழுப்பினார்கள், ஊர் காய்ந்தே இருந்தது. அன்றைக்குச் சிலர் கண் கலங்கியதை நேரில் பார்த்தேன். அதற்கு முந்தைய வருஷம் நவம்பர் 12 ராத்திரி 187 சென்டிமீட்டர். எங்கள் கீழ்த்தளத்தில் குளிர்சாதனப் பெட்டி மிதந்தது. ஆனால் சான் மார்கோ ஊரிலேயே தாழ்வு. எண்பது, எண்பத்தைந்து வந்தாலே அங்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும். மோசே எழும்பாத நாளிலும் அங்கே நனைவது அதனால்தான்.

அப்புறம் நீங்கள் மைதானம், திறந்த வெளி என்று எழுதியது பற்றி ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘பியாத்ஸா’, அதாவது சதுக்கம், என்று சான் மார்கோவை மட்டும்தான் சொல்வோம். மற்றதெல்லாம் ‘காம்போ’, அதாவது வயல். ஒரு காலத்தில் புல் முளைத்துக் கிடந்த இடங்கள். உள்ளூர்க்காரரிடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும்.

#5 · சுங்குடி

அக்கா, தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்தச் சந்துகள் பயமாக இல்லையா? கழிப்பறை எப்படி? வீட்டில் கேட்பார்கள், அதனால் கேட்கிறேன்.

#6 · பொடிநடை

நீர்வழி ஐயா, மைதானமே வடிகட்டி என்றதைப் படித்ததும் புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். துளைக் கற்கள் தெரிகின்றன! மேலே நின்று சாண்ட்விச் தின்றிருக்கிறேன்.

சுங்குடி, பகலில் பயமே இல்லை. வண்டி சத்தம் இல்லாததால் பின்னால் யார் வந்தாலும் காலடி கேட்கிறது. இருட்டிய பிறகு அதே காலடிச் சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வந்தவர்கள் எல்லாம் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். பொதுக் கழிப்பறைக்கு ஒன்றரை யூரோ, சுத்தம். அந்தக் காசுக்கு ஒரு காபி கடையில் நின்றுகொண்டே எஸ்பிரஸ்ஸோ குடித்துவிட்டு அங்கேயே போய்விடலாம், நான் அதைத்தான் செய்தேன். உட்கார்ந்தால் மட்டும் விலை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தெரியாமல் உட்கார்ந்து, தட்டு வைத்ததற்கே தனியாக மூன்று யூரோ கொடுத்தேன். விலைப் பட்டியலில் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

மணி சார், உங்களுக்கு அப்புறம் வருகிறேன்.

#7 · பலெர்மோ_தம்பி

அக்கா, வடிவா எழுதியிருக்கிறீங்கள். நான் பலெர்மோவில் இருக்கிறேன், இங்கே எங்கட ஆக்கள் கனபேர். பிள்ளையளோட ரெண்டு தரம் வெனிஸ் போனனாங்கள். நீங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல!

அங்கே ‘பாக்கரோ’ எண்டு சின்னச் சின்ன வைன் கடையள் இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரொட்டித் துண்டுக்கு மேல ஏதாவது வைச்சுத் தருவினம், பேர் ‘சிகெத்தி’. அதில ராசா ‘பக்கலா மந்தெகாத்தோ’. வெள்ளையா, வெண்ணெய் மாதிரி. ஒரு கடி கடிச்சிட்டு என்ர மனிசி சொன்னா, “இது எங்கட கருவாடெல்லோ” எண்டு. விசாரிச்சால் உண்மையில கருவாடுதான். நோர்வேயில உப்புப் போடாமல் காற்றில காயவைச்ச மீன். 1430களில குவெரினி எண்ட வெனிஸ் வியாபாரியின்ர கப்பல் உடைஞ்சு, லொஃபோத்தன் பக்கத் தீவில கரை ஒதுங்கி, அங்கே அந்த மீனைக் கண்டதெண்டு சொல்லுவினம். ஊறவைச்சு, அவிச்சு, எண்ணெய் விட்டு விட்டு அடிச்செடுக்கிறது. கீழே வைக்கிற ‘பொலெந்தா’ வேற ஒண்டுமில்லை, சோளக் களி. களியும் கருவாடும்! அதுக்குப் போய் மூண்டு யூரோ.

#8 · கணக்குப்பிள்ளை

கோந்தோலா ஏறாமல் வெனிஸ் போனதாகச் சொல்லலாமா? எவ்வளவு ஆகும்?

#9 · மெஸ்த்ரேக்காரன்

பகலில் அரை மணிக்கு 90 யூரோ, மாலை ஏழு மணிக்கு மேல் 110. படகுக்குத்தான் கணக்கு, ஆளுக்கு இல்லை. ஐந்து பேர் வரை ஏறலாம். தனியாக வருகிறவருக்குக் கட்டாது. பொடிநடை செய்ததுதான் சரி, திரகெத்தோவில் இரண்டு யூரோ கொடுத்தால் அதே துடுப்பு, அதே தண்ணீர்.

ஆனால் சான் த்ரோவாஸோ பக்கம் போனால் கோந்தோலா செப்பனிடும் பட்டறையை எதிர்க்கரையில் நின்று சும்மா பார்க்கலாம். படகைக் கவிழ்த்து வைத்திருக்கும்போது கவனியுங்கள், இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு சாண் அகலம். துடுப்புக்காரர் ஒரே ஆள், வலப்பக்கமாக மட்டும் வலிக்கிறார். படகு நேராக இருந்தால் இடப்பக்கமே திரும்பிக்கொண்டு போகும். அதற்காகவே கோணலாகச் செய்கிறார்கள். கோணல் இருந்தால்தான் நேராகப் போகும்.

மணி சார் சொன்ன கட்டணம் பற்றி. அது வருஷம் முழுக்க இல்லை. 2024இல் 29 நாள், அடுத்த வருஷம் 54 நாள், எல்லாம் ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில். காலை எட்டரையிலிருந்து மாலை நான்கு வரை. 2024இல் ஐந்து யூரோ. 2025இல் முன்கூட்டிப் பதிந்தால் ஐந்து, கடைசி நேரத்தில் பத்து. நவம்பரில் வந்தவரைத் திட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரியால்தோ பக்கம் ஒரு மருந்துக் கடை ஜன்னலில் எண் பலகை வைத்திருக்கிறார்கள், தீவில் மிச்சம் இருக்கும் குடிமக்கள் எத்தனை என்று. 1950களின் தொடக்கத்தில் ஒன்றே முக்கால் லட்சம். இப்போது ஐம்பதாயிரத்துக்குக் கீழே. அவர்களை விரட்டியது பகல்நேரப் பயணி மட்டும் இல்லை. மூன்று நாள் தங்குகிறீர்களே, எங்கே தங்குகிறீர்கள்? ஒரு குடும்பம் இருந்த வீட்டில். அந்த வீட்டு வாடகை ஏறியது யாரால்? நானே ஹோட்டலில் வேலை பார்ப்பவன், எனக்கும் இதில் பங்கு உண்டு. தீவில் வாடகை கொடுக்க முடியாமல்தான் மெஸ்த்ரேயில் இருக்கிறேன்.

#10 · மேற்குமாம்பலம்_மணி

மெஸ்த்ரேக்காரரே, அடி பலம். நான் இரண்டு முறையும் தங்கியது அப்படிப்பட்ட வீட்டில்தான், கதவில் யாரோ ஒரு குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அப்போது ரசித்தேன். இப்போது யோசிக்கிறேன்.

ஆனாலும் அரண்மனை விஷயத்தில் நான் மாறவில்லை.

பொடிநடை, அண்ணாந்து குடித்ததைத் தாத்தா வேடிக்கை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வேடிக்கைக்கு எழுநூறு வயது. மார்கோ போலோ நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து போனவர், காயல் துறைமுகத்தைப் பற்றியும் முத்துக்குளிப்பைப் பற்றியும் சொன்னவர். அவர் வியந்து குறித்ததில் ஒன்று, இந்த ஊர்க்காரர்கள் பாத்திரத்தில் உதடு படாமல் தூக்கி ஊற்றிக் குடிக்கிறார்கள் என்பது. வெற்றிலை மெல்வதையும் சொல்கிறார். அவர் குடும்பத்து வீடு இருந்த முற்றங்கள் மாலிப்ரான் நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கின்றன, ‘மிலியோன்’ (மில்லியன்) என்று பெயர் எழுதியிருக்கும். ரியால்தோவிலிருந்து ஐந்து நிமிஷ நடை.

#11 · பொடிநடை

மணி சார், அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தேன்! ஏதோ லாட்டரிக் கடை என்று நினைத்து நடந்துவிட்டேன். இதற்கு உங்கள் திட்டு எனக்கு வேண்டும்தான்.

அரண்மனைக்குப் போகாதது வறட்டுப் பிடிவாதம் இல்லை. வாசல் வரை போனேன். வரிசை பலகைப் பாதையில் நின்றது, எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். ஒரு மணி நேரம் அங்கே நிற்பதா, அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் வருவதைப் பார்ப்பதா என்று யோசித்தேன். ஓட்டை ஜெயித்தது. ஊர் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. குப்பை எப்படிப் போகிறது, பிணம் எப்படிப் போகிறது. மாலை வடக்குக் கரையில் நின்றபோது எதிரே செங்கல் மதில் சுற்றிய ஒரு தீவு, உள்ளே சைப்ரஸ் மரங்கள். பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சைகையில் கேட்டேன். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார். இடுகாடு. அவர் கையில் பூங்கொத்து, படகுக்குக் காத்திருந்தார்.

விதியைக் கடைசி வரை காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறரை ரயிலைப் பிடிக்க நடந்ததில் மூன்று சந்துகள் அடுத்தடுத்துத் தண்ணீரில் போய் முடிந்தன. படி இறங்குகிறது, கடைசிப் படி பச்சைப் பாசி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூன்றாவது சந்தில் கைபேசியை எடுத்தேன். நீலப்புள்ளி என்னைக் கால்வாய்க்கு நடுவில் காட்டியது. காய்கறி வண்டி இழுத்து வந்த ஒரு பாட்டிதான் வழி சொன்னார். “செம்ப்ரே த்ரித்தோ.” நேராகப் போ, போய்க்கொண்டே இரு. நேராகப் போனேன், நான்கு திருப்பம் வந்தது.

#12 · மெஸ்த்ரேக்காரன்

ஹா ஹா. வெனிஸில் எல்லாப் பாட்டிகளும் அதைத்தான் சொல்வார்கள். கோந்தோலா மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

#13 · சுங்குடி

பிப்ரவரியில் போகலாம் என்று வீட்டில் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள். கார்னிவல் சமயம். மழைக்கால பூட்ஸ் வாங்கவா, அங்கேயே அந்த ஆரஞ்சு உறை கிடைக்குமா?

#14 · மெஸ்த்ரேக்காரன்

கார்னிவல் வாரக் கடைசியில் வராதீர்கள், பாலத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. செவ்வாய் முதல் வியாழன் பாருங்கள். நகராட்சி அலை மட்டத்தை முன்கூட்டியே போடுகிறது, கிளம்பும்போது ஒரு பார்வை போதும். உறை எல்லா இடத்திலும் கிடைக்கும், தண்ணீர் ஏற ஏற விலையும் ஏறும்.

#15 · பொடிநடை

சுங்குடி, வாங்க வேண்டாம், என்னுடையதைத் தருகிறேன். எட்டு யூரோ கொடுத்ததைத் தூக்கிப் போட மனசு வராமல் கழுவி மடித்து எடுத்து வந்தேன். போன மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், பால் வாங்கப் போகும்போது மாட்டிக்கொண்டு போனேன். இடது காலில் கட்டைவிரல் பக்கம் ஒரு சின்ன ஓட்டை. சைக்கிள் பஞ்சர் ஒட்டி வைத்திருக்கிறேன், தாங்கும்.